ஹான்ஸ் ஸிம்மர்: ஏறும்போது பிடிக்கிறது, எகிறும்போது வலிக்கிறது

2014இல் 'இன்டர்ஸ்டெல்லார்' வந்த வாரமே அம்மாவைத் தியேட்டருக்கு அழைத்துப் போனேன். அம்மா 35 வருடம் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். காதும் நன்றாகவே கேட்கும். மைக்கேல் கெயின் நடித்த பேராசிரியர் சாகக் கிடக்கிறார். இத்தனை காலம் மறைத்துவைத்த உண்மையை மகள் போன்ற பெண்ணிடம் முணுமுணுக்கிறார். கதையே அந்த நாலு வரியில்தான் திரும்புகிறது. அம்மா என் பக்கம் சாய்ந்து, "என்னடி சொல்றார்?" என்றாள். இசை மூடியதில் எனக்கும் பாதிதான் பிடிபட்டது. தெரியாமலே தலையாட்டினேன்.

நான் வசன எடிட்டர். படப்பிடிப்பில் பதிவான குரலிலிருந்து காற்றையும் ஜெனரேட்டர் இரைச்சலையும் சட்டை உரசும் சத்தத்தையும் கழுவி எடுப்பது, டப்பிங்கில் பேசியதை உதட்டசைவோடு பொருத்துவது, வசனம், இசை, மற்ற ஒலிகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கும் கடைசி மிக்ஸிங்குக்குத் தயார் செய்து கொடுப்பது, இதுதான் 16 வருடமாக என் வேலை. ஒரு சொல் ரசிகர் காதில் விழாமல் போனால் அதை என் தோல்வியாகவே எடுத்துக்கொள்வேன். இப்படிப்பட்டவளுக்கு, அந்தப் படத்துக்கு இசையமைத்த ஹான்ஸ் ஸிம்மரைப் பிடிக்கவே கூடாது. ஆனால் வேலை முடிந்து விளக்கை அணைத்துவிட்டு நான் தனியாகக் கேட்பதில் பாதிக்கு மேல் அவர் இசைதான். இந்த இரண்டு பேரும் எனக்குள்ளே பல வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு படம் தள்ளிப்போனதில் எனக்கு இரண்டு வாரம் ஓய்வு கிடைத்தது. அவருடைய ஆல்பங்களை வருட வரிசையில் அடுக்கினேன். 79 டெசிபலுக்கு அளவு பிடித்து வைத்த மானிட்டர் ஸ்பீக்கரில், எந்த ஆல்பத்துக்கும் சத்தத்தை ஏற்றாமலும் இறக்காமலும் கேட்டேன். 150 படங்களுக்கு மேல் செய்தவர். எல்லாவற்றையும் கேட்டு முடிக்க ஆகாது. நான் கேட்டது இருபதுக்குக் கொஞ்சம் மேல். அந்த இரண்டு வாரத்தின் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அவரை வெறும் இடி முழக்கக்காரர் என்று நினைத்திருப்பவர்கள் 1989இல் வந்த 'டிரைவிங் மிஸ் டெய்ஸி'யில் தொடங்க வேண்டும். ஒரு மூதாட்டி, அவருடைய கார் ஓட்டுநர், அவ்வளவுதான் கதை. இசை முழுக்க ஸிம்மரே சின்தஸைசரில் வாசித்தது, ஆர்கெஸ்ட்ரா கிடையாது. கிளாரினெட் போல ஒரு குரல் துள்ளித் துள்ளிப் போகிறது. அடுத்து 1993இன் 'ட்ரூ ரொமான்ஸ்'. துப்பாக்கியும் ரத்தமுமான படத்துக்கு மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பாவில் குழந்தைகள் வாசிப்பது போன்ற ஒரு மெட்டு. ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் பெயரோடு சேர்ந்த பழைய ஒரு துண்டைத் தழுவியது என்பது கேட்டவுடனே தெரியும். ஆனால் அதை அந்தப் படத்தில் கொண்டுவந்து வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். பிராங்க்ஃபர்ட்டில் 1957இல் பிறந்து, சில வாரப் பியானோ பாடத்தோடு முறையான படிப்பை விட்டுவிட்டு, இங்கிலாந்தில் பாப் இசைக் குழுக்களுக்குச் சின்தஸைசர் வாசித்துக்கொண்டிருந்த ஆள் இவர். தி பக்கிள்ஸ் குழுவின் 1979ஆம் வருடப் பாட்டின் வீடியோவில் கீபோர்டுக்குப் பின்னால் ஒரு கணம் தெரிவார். எம்.டி.வி. 1981இல் தொடங்கியபோது முதன்முதலில் ஒளிபரப்பிய வீடியோ அது. ஏட்டு இசை படித்து வராதவர் என்பதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. இவருக்கு ஒரு சுரத்தின் நிறமும் எடையும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. மெட்டு பிறகுதான் வருகிறது. பலமும் பலவீனமும் இந்த ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன.

இனி, நான் இந்த இரண்டு வாரத்தில் நாலு முறை கேட்டதைப் பற்றி. 1998இல் டெரன்ஸ் மாலிக் இயக்கிய 'தி தின் ரெட் லைன்'. போர்ப்படம். படப்பிடிப்புக்கு முன்பே இசை வேண்டும் என்று மாலிக் கேட்டார். ஸிம்மர் எழுதிக் கொடுத்ததைத் தளத்தில் ஒலிக்கவிட்டுப் படம் எடுத்தார். அந்த ஆல்பத்தில் 'ஜர்னி டு தி லைன்' என்று ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும் ஒரு துண்டு இருக்கிறது. கடிகாரம் போல ஒரு துடிப்பு. அதன்மேல் தந்திகள் ஒரு அடி எடுத்து வைக்கின்றன. பிறகு அதே அடியை மறுபடி வைக்கின்றன. ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும். மூன்றாவது நிமிடத்தில் மூச்சு மாறியிருப்பதைக் கவனிப்பீர்கள். யாரும் சத்தத்தைக் கூட்டியது போலவே இருக்காது. ஆனால் அறை நிறைந்திருக்கும். ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தைத் தொடாமல் நிஷாதத்திலேயே நம்மை நிறுத்திவைப்பார்களே, அந்தத் தவிப்பு. தொட்டவுடன் கண்ணில் நீர் வருகிறது. நான்கு முறையும் வந்தது.

மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒரு முறை கேட்டேன். தொடக்கத்துக்கும் உச்சிக்கும் இடையில் அவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறது; தொடக்கத்தில் முள் கிட்டத்தட்ட அசையவே இல்லை. உச்சியில் வரும் சத்தம் 'மேன் ஆஃப் ஸ்டீல்' என்ற சூப்பர்மேன் படத்தின் சத்தத்தில் பாதிகூட இல்லை என்றே என் காது சொன்னது. ஆனால் என்னை நாற்காலியோடு அழுத்தியது இதுதான். தரையிலிருந்து படி படியாக ஏறினவனுக்குத்தான் மாடியின் உயரம் தெரியும். ஸிம்மர் ஏறும்போது நான் அவருக்குப் பின்னாலேயே போகத் தயார். நேராக உச்சியில் எகிறி நின்று கத்தும்போது என் கை தானாக, சத்தத்தைக் குறைக்கும் ஃபேடருக்குப் போகிறது.

இந்த ஒரு துண்டு சினிமாவுக்கு நல்லதும் செய்தது, கெடுதலும் செய்தது. படம் எடிட் ஆகும்போது, இசையமைப்பாளர் எழுதுவதற்கு முன்பு, வேறு படத்தின் இசையைத் தற்காலிகமாகப் போட்டு வெட்டுவார்கள். டெம்ப் ட்ராக் என்போம். 'ஜர்னி டு தி லைன்' அப்படிப் பயன்பட்டதற்குக் கணக்கே இல்லை. இயக்குநர் மூன்று மாதம் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிடுகிறார். பிறகு புது இசையமைப்பாளர் எதைக் கொண்டுவந்தாலும், "அந்த ஃபீல் வரலையே" என்கிறார். கடைசியில் அதே மாதிரி ஒன்றை எழுதி வாங்குகிறார்கள். அடுத்த படத்துக்கு இந்த நகல் டெம்ப் ஆகிறது. நகலின் நகலில் ஏறுவது போய்விடுகிறது, உச்சி மட்டும் மிஞ்சுகிறது. எங்கள் அறைக்கு வரும் படங்களில் இதை வருடத்துக்கு நாலைந்து முறை பார்க்கிறேன்.

இன்னொரு காரணம், வெளியில் அதிகம் பேசப்படாதது. இப்போதெல்லாம் எடிட்டிங் முடிவதே இல்லை. மிக்ஸிங் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு காட்சியில் 40 ஃபிரேம் போய்விடும், இன்னொன்றில் ஒரு ஷாட் கூடும். நீண்ட மெட்டு எழுதியிருந்தால் நடுவில் வெட்ட முடியாது. கையை வெட்டியது போலத் தெரியும். ஆனால் செல்லோக்கள் ஒரே சுரத்தைக் குட்டை வில்லால் 'டக டக டக டக' என்று அடித்துக்கொண்டேயிருக்க, மேலே பித்தளை வாத்தியங்கள் நீளமாக ஒரு சுரம் பிடிக்கிற இசையை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், ஒட்டலாம். அதிலும் தனித்தனி ஸ்டெம்களாக, தாளம் ஒன்று, தந்தி ஒன்று, பித்தளை ஒன்று என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் மிக்ஸிங் அறையிலேயே இசையை மாற்றிக்கொள்ளலாம். ஸிம்மருடைய பாணி உலகம் முழுக்கப் பரவியதற்கு அதன் அழகு எவ்வளவு காரணமோ, வெட்ட வசதியாக இருப்பதும் அவ்வளவு காரணம். அந்த வசதியை நானும் பயன்படுத்துகிறேன். அதனால் இதைக் குற்றச்சாட்டாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

'தி டார்க் நைட்', 2008. பேட்மேன் படம். இதை இன்னொரு இசையமைப்பாளர் ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்டுடன் சேர்ந்து செய்தார். வில்லன் ஜோக்கருக்கு ஒரு மெட்டுகூடக் கொடுக்காமல் ஒரே ஒரு செல்லோ சுரத்தைக் கொடுத்தது எனக்கு இன்றும் ஆச்சரியம். மார்ட்டின் டில்மன் வாசித்தது. சுரம் நேராக நிற்காமல் நொடி நொடியாக விலகிப்போகிறது. பல்லில் தகரம் உரசுவது போல. சவரக்கத்தியைத் தந்தியில் வைத்தெல்லாம் சோதித்துப் பார்த்தார்கள். 'ஒய் ஸோ சீரியஸ்' என்ற துண்டின் நடுவில் எல்லாம் அடங்கி, அடிமட்டத்தில் ஒரு அதிர்வு மட்டும் கிடக்கும் இடம் ஒன்று வரும். சப் ஊஃபர் சோதிப்பவர்கள் தேடிப் போகிற இடம் அது. சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் அங்கே பாட்டு நின்றுவிட்டது என்றே நினைப்பீர்கள். இந்த ஆல்பம் வாங்குகிறவர்கள் லேப்டாப்பில் கேட்காதீர்கள். பாதி இசை உங்களுக்கு வந்தே சேராது.

இங்கே சத்தம் உண்டு, ஆனால் அதற்கு ஒரு ஆள் இருக்கிறான். அந்தச் சுரம் கேட்டால் அவன் வருகிறான். அந்தச் சுரம் சத்தமாகக் கேட்டால் அவன் பக்கத்தில் வந்துவிட்டான். பெரிய இசைக்கு நான் வைக்கும் கேள்வியே இதுதான்: யாருக்காக இவ்வளவு சத்தம்?

'இன்செப்ஷன்', 2010. அந்த 'ப்ராம்ம்ம்' என்ற ஊதல். ஒரு தேவாலயத்தின் நடுவே பியானோவை வைத்து, பெடலை அழுத்தியபடி நிற்கச்செய்து, பித்தளை வாத்தியக்காரர்களை அதற்குள் ஊதச் சொன்னதாக ஸிம்மர் விளக்கியிருக்கிறார். ஊதல் நின்ற பிறகும் பியானோவின் தந்திகள் அதை உள்ளே வைத்துக்கொண்டு அதிர்ந்துகொண்டேயிருக்கும். படத்துக்குள் அந்த ஊதலுக்குக் காரணம் இருக்கிறது. கனவிலிருந்து எழுப்புவதற்காக எதித் பியாஃப் பாடிய பழைய பிரெஞ்சுப் பாட்டு ஒன்றைப் போடுவார்கள். கனவுக்குள் நேரம் நீண்டுபோவதால் அந்தப் பாட்டும் நீண்டு, தொடக்கப் பித்தளை ஒலி யானைப் பிளிறலாகிறது. இதைக் கண்டுபிடித்த நாளில் எழுந்து நின்று கைதட்டினேன். அதன்பிறகு வந்த எந்த ட்ரெய்லரைத் திறந்தாலும் இதே பிளிறல். அவற்றில் கனவும் இல்லை, பியாஃபும் இல்லை. ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தின் மூன்றாவது ட்ரெய்லரில் வந்த இசை ஸாக் ஹெம்ஸி செய்தது. பலர் அதையும் ஸிம்மர் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். புகழும் பழியும் இரண்டும் அவர் கணக்கில் ஏறுகின்றன.

அதே படத்தின் 'டைம்' என்ற துண்டைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாலு சுரக்கூட்டு (கார்டு), அதையே திரும்பத் திரும்ப. ஜானி மார் வாசித்த கிட்டார் உள்ளே வரும் இடம் எனக்குப் பிடிக்கும். எல்லாம் வடிந்து கடைசியில் பியானோ மட்டும் நிற்கிற இடம் இன்னும் பிடிக்கும்.

இப்போது வலிக்கும் இடத்துக்கு வருகிறேன். 'மேன் ஆஃப் ஸ்டீல்', 2013. ஒரே அறையில் 12 ட்ரம் கலைஞர்களை வட்டமாக உட்காரவைத்துப் பதிவுசெய்தார். ஒவ்வொருவரும் உலகம் அறிந்த கை. எட்டு பெடல் ஸ்டீல் கிட்டார்களைத் தந்தி வாத்தியக் குழு மாதிரி அடுக்கினார். யோசனையாகக் கேட்டால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஆல்பமாகக் கேட்டபோது 20ஆவது நிமிடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். 12 பேரும் ஒரே தாளத்தைத்தான் அடிக்கிறார்கள். நகரம் இடியும்போதும் அடிக்கிறார்கள், இடிந்த பிறகும் அடிக்கிறார்கள். யானை ஒரு முறை காலை ஊன்றினால் பூமி அதிரும். நாள் முழுக்க ஊன்றிக்கொண்டிருந்தால் பழகிப்போகும். ஆனால் இதே ஆல்பத்தில் ஒற்றைப் பியானோவில் கூச்சத்தோடு வரும் ஒரு சின்ன மெட்டு இருக்கிறது. தான் யாரென்று தெரியாமல் பண்ணையில் வளரும் ஒரு பையனுக்காக எழுதியது. இரண்டு நிமிடம் அதைத் தனியாக விட்டிருந்தால் அந்த நாயகன் எனக்குச் சொந்தக்காரன் ஆகியிருப்பான். உடனே ட்ரம் வந்துவிடுகிறது. இவ்வளவு மென்மையாகத் தொடத் தெரிந்தவர் ஏன் கையை எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் என் நிஜமான வருத்தம்.

வசனத்துக்கும் இதற்கும் உள்ள தகராறைக் கொஞ்சம் விளக்குகிறேன். தமிழ் இலக்கணம் எழுத்தை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்ததில் ஒலிப்பதிவுக்காரர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பேசும்போது சத்தம் கொடுப்பது உயிரெழுத்து. எந்தச் சொல் என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மெய். 'கட்டு', 'பட்டு', 'தட்டு' மூன்றிலும் வேறுபாடு அந்த முதல் மெய்யின் சிறு வெடிப்பில்தான் இருக்கிறது. இந்த மெய்களின் விவரம் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கிடக்கிறது, பலமும் குறைவு. நம் காதுக்கு ஒரு குணம் உண்டு. கீழ் ஒலி பலமாக இருந்தால் அது தனக்கு மேலே உள்ள ஒலிகளையும் சேர்த்து மூடிவிடும். மேல் ஒலி கீழ் ஒலியை அவ்வளவு மூடாது. அதனால் அடியில் ஆர்கனும் செல்லோவும் மலை போல எழும்போது, மேலே இருக்கும் மெய்யெழுத்துகள் முதலில் மறைகின்றன. உயிர் கேட்கும், மெய் கேட்காது. யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. அம்மாவுக்கு அன்று நடந்தது இதுதான்.

இதற்கு ஸிம்மரை மட்டும் பிடித்து நிறுத்துவது அநியாயம். இசை எவ்வளவு சத்தமாக வர வேண்டும் என்பது இயக்குநரும் மிக்ஸிங் இன்ஜினியர்களும் எடுக்கும் முடிவு. தெரிந்தேதான் அப்படிச் செய்தேன் என்று 'இன்டர்ஸ்டெல்லார்' இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் அந்த நாட்களிலேயே விளக்கமளித்தார்; சில இடங்களில் வசனத்தையும் ஒரு ஒலியாகவே கையாண்டதாகச் சொன்னார். அவர் உரிமை. என் தொழிலில் இருப்பவள் அதை ஏற்றுக்கொள்ள முடியாது என்பதும் என் உரிமை.

ஆனாலும் 'இன்டர்ஸ்டெல்லார்' ஆல்பத்தைத் தனியாகக் கேட்டபோது எனக்குள் கோபம் தங்கவில்லை. படம் என்னவென்று சொல்லாமல், தந்தைக்கும் பிள்ளைக்கும் நடுவில் உள்ளதைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதி நோலன் கொடுத்தார். ஒரு நாளில் மனத்தில் வருவதை எழுதித் தரச் சொன்னார். ஸிம்மர் தன் மகனை நினைத்து எழுதினார். விண்வெளிப் படம் என்பது அதன் பிறகுதான் அவருக்குத் தெரியும். ஆல்பம் முழுக்க அந்த ஒரு நாள் எழுதிய விதைதான் வளர்கிறது. லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் ரோஜர் சேயர் ஆர்கன் வாசித்தார். ஹாரிசன் அண்ட் ஹாரிசன் கட்டிய ஆர்கன் அது. முதலில் ஸ்காட்லாந்தில் ஒரு மாளிகையின் நடன அரங்கில் இருந்து, பிறகு தேவாலயத்துக்கு வந்தது. ஆர்கன் மூச்சு விடும் கருவி. காற்று இல்லாவிட்டால் ஊமை. காற்றில்லாத வெளியில் போகிறவர்களுக்கு மூச்சு வாங்கும் வாத்தியத்தைக் கொடுத்திருக்கிறார். ஹெட்ஃபோனில் கேட்டால் குழாய்களுக்குள் காற்று புகும் சரசரப்பு கேட்கிறது. நான் வேலையில் கழுவித் துடைத்து எறிவது அந்தச் சரசரப்பைத்தான். இங்கே அதைத் துடைத்திருந்தால் இசையே செத்திருக்கும். 32 அடிக் குழாயின் அடிச்சுரம் நொடிக்கு 16 அதிர்வு. காது கேட்பதற்கும் உடம்பு உணர்வதற்கும் எல்லையில் நிற்கும் ஒலி. அதைச் சத்தம் என்று சொல்வதா, நடுக்கம் என்று சொல்வதா?

வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுழலும் விண்கலத்தோடு இணையப் போராடும் காட்சியின் இசை, 'நோ டைம் ஃபார் காஷன்', முதலில் வந்த சாதாரண ஆல்பத்தில் கிடையாது. ரசிகர்கள் கேட்டுக் கேட்டுப் பின்னால்தான் வெளியில் வந்தது. 2020இல் வந்த விரிவான பதிப்பில் இருக்கிறது. அதைத் தேடி எடுங்கள். சத்தத்தில் அது 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்துக்குச் சளைத்ததில்லை. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு மணி நேரமாக ஒரு அப்பா ஏறி வந்திருக்கிறார். அந்தச் சத்தத்துக்கு ஒரு ஆள் இருக்கிறான்.

'டன்கர்க்' பற்றிச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். 2017. நோலனுடைய கைக்கடிகாரத்தின் ஒலியைப் பதிவுசெய்து அதன்மேல் கட்டியது. ஷெப்பர்ட் டோன் என்று ஒரு காது மயக்கம் உண்டு: சுரம் ஏறிக்கொண்டே இருப்பதாகத் தோன்றும், எங்கேயும் போய்ச் சேராது. அந்த மயக்கத்தின் தத்துவத்தைப் படத்துக்கும் இசைக்கும் பயன்படுத்தினார்கள். படத்தோடு பார்க்க அசாத்தியம். தனியாகக் கேட்க எனக்கு நெஞ்சு படபடத்தது; மறுபடி போடவில்லை. கடைசியில் ஆங்கிலேய இசையமைப்பாளர் எல்கருடைய 'நிம்ரட்' மெட்டு நீண்டு கரைந்து வருகிறது. அது ஒன்றுக்காக வேண்டுமானால் ஒரு தரம்.

'டியூன்' 2021. இதற்காகத்தான் இரண்டாவது ஆஸ்கர். முதலாவது 'தி லயன் கிங்' படத்துக்கு. 12 முறை பரிந்துரைக்கப்பட்டு இரண்டு முறை வாங்கியிருக்கிறார். இந்த ஒரு படத்துக்கு மூன்று ஆல்பங்கள் வந்தன. 'ஸ்கெட்ச்புக்' என்பதை மட்டும் எடுத்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். படத்துக்காக வெட்டப்படாத நீளமான துண்டுகள் அதில் இருக்கின்றன. ஏறுவதற்கு இடம் இருக்கிறது. பாடகி லுவார் காட்லரின் குரல் அறுந்து அறுந்து வரும் இடத்தில் மனிதக் குரலா, ஏதோ கருவியா என்று எனக்கே சந்தேகம். குரலோடே நாள் முழுக்க வாழ்கிறவள் நான். பெத்ரோ யூஸ்டாச் காற்று வாத்தியங்களைத் தானே செய்து ஊதியிருக்கிறார். பழைய 'டக டக' செல்லோ இதில் கிட்டத்தட்ட இல்லை. 60 வயது தாண்டின பிறகு தன்னுடைய கைப்பழக்கத்தைத் தானே ஒதுக்கிவைப்பது சாதாரண காரியமா? அதற்காகவே அவரை வணங்குகிறேன். சத்தம் இதிலும் உண்டு. பாலைவனத்தில் நிற்கும்போது மேலே வருகிற சத்தம் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

இவ்வளவு படங்களை ஒரே ஆள் எப்படிச் செய்கிறார் என்று கேட்பார்கள். ஒரே ஆள் செய்யவில்லை. 1989இல் ஜே ரிஃப்கினோடு சேர்ந்து தொடங்கிய மீடியா வென்ச்சர்ஸ், பின்னால் ரிமோட் கன்ட்ரோல் புரொடக்ஷன்ஸ் ஆனது. சாண்டா மோனிகாவில் பல அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு இசையமைப்பாளர். ஜான் பவெல், ஹாரி கிரெக்சன் வில்லியம்ஸ், ரமீன் ஜவாடி, லோர்ன் பால்ஃப் எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள். 2003இன் முதல் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படத்தில் இசை என்று கிளாஸ் பாடெல்ட் பெயர்தான் இருக்கிறது. மெட்டுகளில் ஸிம்மர் கை உண்டு; சில வாரங்களில் பல பேர் சேர்ந்து முடித்தது. இதைச் சிலர் தொழிற்சாலை என்று இகழ்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. சினிமாவில் எந்த வேலை தனி ஆள் வேலை? என் பெயரில் போகும் வசனத்திலும் இரண்டு உதவியாளர்களின் இரவுகள் இருக்கின்றன. நான் கவலைப்படுவது வேறு. அந்த அறைகளில் பழகின பதிவுசெய்து வைத்த வாத்திய ஒலிகளின் ஒரே சாம்பிள் நூலகம், ஒரே ட்ரம் ஒலி, ஒரே பித்தளை, வெவ்வேறு பெயர்களில் வெவ்வேறு படங்களில் வருகிறது. பத்து வீட்டுக்கு ஒரே வண்ணம் அடித்தது போல. பவெல் அதிலிருந்து வெளியேறித் தனக்கென்று ஒரு குரல் பிடித்தார் என்பது நம்பிக்கை தருகிறது.

எதை வாங்கலாம் என்று கேட்டால் 'தி தின் ரெட் லைன்' முதலில். 'இன்டர்ஸ்டெல்லார்' விரிவான பதிப்பு, நல்ல ஹெட்ஃபோன் இருந்தால். 'டியூன் ஸ்கெட்ச்புக்', நீண்ட பயணத்துக்கு. 'கிளாடியேட்டர்' ஆல்பத்தில் லிசா ஜெரார்ட் பாடும் இடங்களை எடுத்துக்கொண்டு சண்டைக் காட்சி இசையை விட்டுவிடுங்கள். 'மேன் ஆஃப் ஸ்டீல்' உடற்பயிற்சிக்கு உதவும் என்கிறார்கள், எனக்கு உதவவில்லை. எதைக் கேட்டாலும் தொடக்கத்தில் சத்தம் போதவில்லை என்று ஏற்றிவிடாதீர்கள். அவர் கீழே தொடங்குவது உங்களை மேலே கூட்டிப்போகத்தான். அங்கே நீங்களே ஏற்றிவிட்டால் உச்சியில் வெறும் வலிதான் மிஞ்சும்.

இரண்டாவது வாரக் கடைசியில் அம்மா என்னோடு இருக்க வந்திருந்தாள். பத்து வருடத்துக்குப் பிறகு 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தை வீட்டிலேயே போட்டேன், சப்டைட்டிலோடு. பேராசிரியர் படுக்கையில் பேசும் இடம் வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "அட பாவி மனுஷா, இதையா சொன்னார்!" என்று அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தாள். நிறுத்தி, மறுபடி அந்த இடத்தைப் போடச் சொன்னாள். போட்டேன்.

விண்கலம் சுழலத் தொடங்கியது. ஆர்கன் அடியிலிருந்து எழுந்து வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று நான் சத்தத்தைக் குறைத்தேன். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி, "குறைக்காதடி" என்று என்னிடமிருந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டாள்.